ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடி பக்கம் வைக்கோல் தேவை

உறவுகளே, வணக்கம். எங்க ஊர்ல இந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாத்திருச்சு. புழுதியில விதைச்ச நெல்லு பால் பிடிக்காமலே சாவியா, வெறும் பதராப் போச்சு. முண்டு மிளகாய் பூவோட வாடிருச்சு. போன வாரம் காய்ஞ்ச சீமைக்கருவேலங்காட்டுல பிடிச்ச தீ, கடல் காத்துல பனங்காட்டுக்குத் தாவி, அண்ணன் வீட்டு வைக்கோல் படப்பையும் தின்னுருச்சு. மாடுங்க கருவேல நெத்தைப் பொறுக்கித் தின்னுது. சந்தைக்குக் கொண்டுபோனா அடிமாட்டு விலைதான் கேக்குறாங்க, மனசு வரல.

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் அறுவடை முடிஞ்சவங்க வைக்கோல் கட்டு தந்து உதவுங்க. லாரி வாடகையை ஊர்ல வசூல் பண்ணிக் கொடுத்துருவோம்.

இன்னொண்ணு, ஓலை கருகின பனைகள்ல குருத்து இன்னும் பச்சையா இருக்கு. கருகின மட்டையைக் கழிக்கலாமா, அப்படியே விடணுமா? பனை பாளை விடவே 15 வருஷம் ஆகும், வெட்டச் சொல்லாதீங்க. படப்பு எரிஞ்சதுக்கு நிவாரணம் வாங்கினவங்க இருந்தா, மனு எப்படிக் கொடுத்தீங்கன்னு சொல்லுங்க.