நேம்ஸ்பேஸையும் பேக்கேஜையும் ஒரே டேபிளில் போடலாமா? என் படம் குழம்பிக் கிடக்கிறது

பார்சர்_பைத்தியம்:
ஆபீஸில் ஜாவா, சி ஷார்ப், சி பிளஸ் பிளஸ் மூன்றும் கலந்து கிடக்கிற பழைய புரோகிராம் கோடு. கிளாஸ்களைப் பெயரால் குழுவாக்குவதை ஜாவாவில் பேக்கேஜ் என்பார்கள், மற்ற இரண்டிலும் நேம்ஸ்பேஸ். எது எதைச் சார்ந்திருக்கிறது என்று படம் வரைந்து காட்ட ஒரு சின்ன டூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று மொழிக்கும் பொதுவாக இருக்கட்டுமே என்று 'பேக்கேஜ்' என ஒரே டேபிள்: பெயர், அம்மா பேக்கேஜின் ஐடி, ஃபோல்டர் பாத், அவ்வளவுதான். ஜாவாவில் மெயின், டெஸ்ட் இரண்டு ஃபோல்டரிலும் ஒரே பேக்கேஜ் இருப்பதால் பின்னால் வந்த பாத் முன்னால் வந்ததை அழித்துவிட்டது, அதைக்கூட ஒட்டுப்போட்டுச் சமாளித்தேன். சி ஷார்ப்பில் ஒரே நேம்ஸ்பேஸ் 3 அசெம்பிளியில் (கம்பைல் செய்து வரும் டிஎல்எல், இஎக்ஸ்இ ஃபைல்) இருக்கிறது. மூன்றும் ஒரே பெட்டியாகிவிட, அவற்றுக்கு நடுவே போக வேண்டிய அம்புகள் எல்லாம் அந்தப் பெட்டியிலேயே கிளம்பி அதிலேயே முடிகின்றன. சி பிளஸ் பிளஸ்ஸில் 40 ஃபைலில் இருக்கிற பெயரில்லாத நேம்ஸ்பேஸ் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நடுவில் ஒரு ராட்சசப் பெட்டி. மொழிக்கு ஒரு டேபிள் என்று பிரித்துவிடவா?

அரைப்புள்ளி:
மொழிவாரியாகப் பிரித்தாலும் இதே தலைவலி மூன்று இடத்தில் வரும். நேம்ஸ்பேஸுக்குப் பாத் என்று டேபிளில் ஒரு காலம் (column) வைத்தீர்களே, அங்கேதான் சிக்கல். அது ஒரு இடத்தில் இருக்கிற பொருளே இல்லை, வெறும் பெயர். யார் வேண்டுமானாலும் எந்த ஃபைலிலும் அதைத் திறந்து உள்ளே நான்கு கிளாஸைப் போட்டுவிட்டுப் போகலாம். அதனால் பெயருக்கு ஒரு வரிசை, அது திறக்கப்படும் ஒவ்வொரு இடத்துக்கும் தனி வரிசை. கோடை அலசும் டூலான கோட்கியூஎல் சி பிளஸ் பிளஸ்ஸுக்கு இப்படித்தான் இரண்டாக வைத்திருக்கிறது. கிளாங் என்ற சி பிளஸ் பிளஸ் கம்பைலரிலும் ஒவ்வொரு திறப்பும் தனி நோட்தான் (node), எல்லாவற்றையும் ஒரு சங்கிலியில் கோத்து, முதலில் வந்ததைத் தலையாக வைத்துக்கொள்கிறது.

அசெம்பிளி, ஜாவாவின் ஜார் ஃபைல் எல்லாம் மூன்றாவது ரகம், அவை எதில் கட்டி அனுப்புகிறோம் என்பதைச் சொல்பவை. சி ஷார்ப் கம்பைலரான ராஸ்லினைப் பாருங்கள்: ஒரே நேம்ஸ்பேஸுக்கு மாட்யூல் அளவில், அசெம்பிளி அளவில், மொத்த கம்பைலேஷன் அளவில் என்று தனித்தனி சிம்பல் தரும், சேர்த்த சிம்பலைக் கேட்டால் அது எந்தெந்தத் துண்டுகளால் ஆனது என்ற பட்டியலும் கிடைக்கும். உங்கள் அம்புகளை அசெம்பிளி அளவில் வரையுங்கள், தானாகப் பிரிந்துவிடும்.

பெயரில்லாத நேம்ஸ்பேஸுக்கு ஃபைல் பெயரைச் சாவியாக (ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமாக) வைக்கலாம் என்று தோன்றும், வைக்காதீர்கள். ஹெடரில் (பல ஃபைல்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும் பொது ஃபைல்) ஒன்று இருந்தால் அதை இன்க்ளூட் செய்யும் ஒவ்வொரு டிரான்ஸ்லேஷன் யூனிட்டுக்கும் (ஹெடர்களோடு சேர்ந்து ஒன்றாகக் கம்பைல் ஆகும் ஒரு சோர்ஸ் ஃபைல்) அது வேறு வேறு நேம்ஸ்பேஸ். யூனிட்தான் சாவி.

பழைய_ஜாவாக்காரன்:
மேலே சொன்னது சரி. அம்மா ஐடி பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஜாவாவில் பேக்கேஜுக்குள் பேக்கேஜ் என்பது பெயரில் புள்ளி வைக்கிற அழகு மட்டும்தான். ஜாவா.யூட்டில்.ரீஜெக்ஸுக்கு ஜாவா.யூட்டிலின் உள்விஷயம் எதையும் தொட உரிமை கிடையாது, பக்கத்து வீட்டுக்காரன் மாதிரிதான். சி ஷார்ப்பிலும் சி பிளஸ் பிளஸ்ஸிலும் அப்படி இல்லை, உள்ளே இருப்பவன் வெளி நேம்ஸ்பேஸில் உள்ள பெயரை முழுதாக எழுதாமலே கூப்பிடலாம். அந்தக் காலத்தைத் திரையில் மரம் காட்ட மட்டும் வையுங்கள், ஜாவாவில் பெயர் தேட அதை நம்பினால் தப்பான கிளாஸில் போய் நிற்பீர்கள்.

நாலு_ஸ்பேஸ்:
நாளைக்கு யாராவது பைத்தானையும் சேர் என்பார்கள், இப்போதே சொல்லிவைக்கிறேன். பைத்தான் 3.3லிருந்து இனிட் ஃபைல் (ஃபோல்டரைப் பேக்கேஜ் என்று காட்டும் __init__.py) இல்லாத ஃபோல்டரும் பேக்கேஜ் ஆகலாம், அதே பெயர் பல ஃபோல்டரில் சிதறியும் கிடக்கலாம். எந்த ஃபோல்டரை வேராக எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரே ஃபைலுக்கு இரண்டு மாட்யூல் பெயர் வரும். பைத்தான் டைப்களைச் சரிபார்க்கும் டூலான மைபை இதைப் பிடித்து எர்ரர் கொடுத்துவிடும், உங்கள் டூல் சத்தமில்லாமல் இரண்டு பெட்டி போடும். அப்புறம் இன்ஸ்டால் செய்கிற பெயர் ஒன்று, இம்போர்ட் செய்கிற பெயர் வேறு. பியூட்டிஃபுல்சூப்4 என்று போட்டுவிட்டு பிஎஸ்4 என்று எழுதுகிறோமே.

ஆனால் எனக்கு ஒன்று படுகிறது: படம் வரைவதுதான் வேலை என்றால் இத்தனை டேபிள் எதற்கு? முழுப் பெயரை ஸ்ட்ரிங்காக கிளாஸோடு வைத்து, எதிலிருந்து வந்தது என்று இன்னொரு காலம் போட்டால் முக்கால்வாசி முடிந்தது.

பார்சர்_பைத்தியம்:
ஸ்ட்ரிங் வழியைத்தான் நேற்று ராத்திரி முதலில் முயன்றேன், ஜாவாவுக்கும் சி ஷார்ப்புக்கும் போதும். சி பிளஸ் பிளஸ்ஸில் பெயர் இல்லாததற்கு என்ன ஸ்ட்ரிங் எழுத? அதனால் அரைப்புள்ளி சொன்ன மாதிரி மூன்றாகப் பிரித்துவிட்டேன், ராட்சசப் பெட்டி போயே போய்விட்டது, அசெம்பிளி அம்புகளும் வெளியே வந்துவிட்டன. ஒன்று மட்டும் பாக்கி: ஜாவாவில் பேக்கேஜ் வரியே இல்லாத 6 ஃபைல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பெட்டி வருகிறது. பெயர் காலத்தில் யூனிக் (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்ற கட்டுப்பாடு) போட்டுத்தான் இருக்கிறேன்.

அரைப்புள்ளி:
பெயர் இல்லை என்று நல் (NULL, மதிப்பே இல்லை என்ற குறி) போட்டிருப்பீர்கள். போஸ்ட்கிரஸ், எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ்கள் இரண்டுமே சாதாரணமாக ஒரு நல்லையும் இன்னொரு நல்லையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளாது, யூனிக் தடுக்காது. காலி ஸ்ட்ரிங் போடுங்கள்.