மூன்றாம் முறைதான் அம்மாவின் காதச்சு பொருந்தியது

தம் மாமியாரின் செவித்துணைக் கருவி சாப்பாட்டு வேளையில் ஓயாமல் கீச்சிடுவதாகவும், கருவியையே மாற்றிவிடலாமா என்றும் ஓர் அக்கா சென்ற வாரம் கேட்டிருந்தார். அவசரப்பட்டு மாற்ற வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். என் அம்மாவின் கருவியில் எந்தக் கோளாறும் இருக்கவில்லை. காதுக்குள் பொருத்தும் இயர் மோல்டு, அதாவது காதச்சு, சரியாகப் பொருந்தாமல் இருந்தது. அதைக் கண்டறிய எங்களுக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று.

அம்மாவுக்கு 74 வயது. சிங்கப்பூரின் ஈசூனில் எங்களுடன் வசிக்கிறார். இரு காதுகளிலும் 90 டெசிபெலுக்கு மேல் கேட்புத்திறன் இழப்பு இருப்பதால், காதுக்குப் பின்னால் மாட்டும் மிகுதிறன் கருவிதான் அவருக்குப் பயன்படும். ஒலியை அவ்வளவு பெருக்கும் கருவியில், காதச்சுக்கும் காதுக்குழாயின் தோலுக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும் போதும். பெருக்கிய ஒலி அதன்வழியே கசிந்து, கருவியின் மைக்கில் மீண்டும் புகுந்து, மறுபடியும் பெருகிக் கீச்சொலியாகிவிடும். முதலில் நாங்கள் சென்ற இடத்தில், ஒவ்வொரு முறையும் கருவியைக் கணினியுடன் இணைத்து ஒலியளவைக் குறைத்தே அனுப்பினார்கள். கீச்சொலி நின்றது உண்மைதான். கூடவே அம்மாவுக்குப் பேச்சும் கேட்காமல் போயிற்று. அந்த ஆண்டு தீபாவளியன்று வீடு நிறைய உறவினர்கள் இருக்க, அம்மா கருவியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சமையலறையில் தனியே அமர்ந்திருந்தார். வயதானால் இப்படித்தான் என்று நானும் அன்று எண்ணிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

பின்னர் நாங்கள் பார்த்த ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்புத்திறன் வல்லுநர், கணினிப் பக்கமே போகவில்லை. அம்மாவின் காதிலிருந்த காதச்சை விரலால் மெல்ல உள்நோக்கி அழுத்தினார், கீச்சொலி நின்றது. பிறகு அதைக் காதிலிருந்து எடுத்து, ஒலி வெளிவரும் துளையை விரல் நுனியால் அடைத்தார். அப்போதும் சத்தம் இல்லை. துளையை அடைத்த பிறகும் கீச்சிட்டிருந்தால், கருவியையும் காதச்சையும் இணைக்கும் டியூபிலோ கருவியிலோ கசிவு இருப்பதாகப் பொருள் என்றும், அம்மாவுக்குக் காதச்சின் ஓரத்தில்தான் கசிகிறது என்றும் விளக்கினார். அதற்கு முந்திய ஆண்டு உடல்நலம் குன்றி அம்மா 8 கிலோ மெலிந்திருந்தார். உடல் மெலிந்தால் காதச்சும் தளர்ந்துபோகக்கூடும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

புதிய காதச்சு செய்வதற்காக அவர் காதின் உட்புறத்தை அச்செடுத்த முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் மற்ற எல்லாம் அதைப் பொறுத்தே அமைகின்றன. முதலில் காதில் குறும்பி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு நூல் கட்டிய சிறு பஞ்சுத் துண்டைக் காதுக்குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டி வைத்து, இரண்டு பசைகளைக் கலந்து பெரிய ஊசிக்குழலால் மெதுவாக உள்ளே செலுத்தினார். பசை இறுகும்வரை அம்மாவை வாயைத் திறந்து மூடவும், மெல்லுவதுபோல் தாடையை அசைக்கவும் சொன்னார். தாடை அசையும்போது காதுக்குழாயின் வடிவமும் மாறும் என்பதால், வாயை மூடியபடியே எடுத்த அச்சு சாப்பிடும்போது கசிய வாய்ப்புண்டு. முன்பு எங்களுக்கு அச்செடுத்தபோது இதை எவரும் சொல்லவில்லை. அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "குளிர்ந்த இட்லி மாவைக் காதுக்குள் ஊற்றியதுபோல் இருக்கிறது" என்றார். வெளியே எடுத்த அச்சைப் பழைய காதச்சின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையது பாதி நீளம்கூட இல்லை.

அப்படியும் முதலில் வந்த காதச்சு காதின் மேல்மடிப்பில் அழுத்தி, மூன்றாம் நாளே அங்கே சிவந்து புண்ணாகிவிட்டது. அடுத்தது மென்மையான சிலிக்கானில் வந்தது. கசிவும் இல்லை, வலியும் இல்லை. ஆனால் சிலிக்கானில் பசை சரியாக ஒட்டாததால் டியூப் அடிக்கடி கழன்று வந்தது. டியூபைப் பூட்டிப் பிடிக்கும் சிறு வளையம் வைத்து மூன்றாவதாகச் செய்து தந்ததே இன்றுவரை நிற்கிறது. மறுபடியும் செய்து தரச் சொல்லிக் கேட்கத் தயங்காதீர்கள். நாங்கள் பழையதைப் பொறுத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் வீணாகப் போன காலம்தான்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் டியூபுக்குள் நீர்த்துளி கோத்துக்கொள்ளும். காலையில் காற்றூதும் சிறு ரப்பர்ப் பந்தால் அதை வெளியேற்றுகிறேன். டியூப் மஞ்சளித்து விறைத்தால் மாற்ற வேண்டும். எங்களுக்கு நான்கைந்து மாதங்களுக்கு ஒருமுறை தேவைப்படுகிறது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலின்போது காதில் நல்லெண்ணெய் விடும் பழக்கத்தையும் அம்மா விட்டுவிட்டார்.

செலவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 60 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்கள் செவித்துணைக் கருவி வாங்க, குடும்ப வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை அரசாங்க மானியம் உண்டு. விண்ணப்பிக்கும்போதே காதச்சின் செலவும் அதில் அடங்குமா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அக்கா, இன்றிரவு உங்கள் மாமியார் சாப்பிடும்போது கருவி கீச்சிட்டால், காதச்சை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அதன் மேல்முனை காதின் மடிப்புக்குள் சரியாகச் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அம்மாவுக்கு விரல்களில் வலி இருப்பதால் அது பெரும்பாலும் வெளியேதான் நிற்கும். அழுத்தியதும் சத்தம் நின்றால், கருவிக்குப் பணம் கட்டும் முன் புதிய அச்செடுக்கக் கேளுங்கள். என்ன ஆயிற்று என்று இங்கே எழுதுங்கள், காத்திருப்பேன்.