ஸ்பார்க்கா, மினிசாம்ப்ஸா? அவசரம்

மஞ்சள்19: நண்பர்களே, எஃப்1 (ஃபார்முலா 1) பந்தயக் காரின் சிறு மாடல் ஒன்று வாங்கப் போகிறேன். ஸ்பார்க், மினிசாம்ப்ஸ் இரண்டு கம்பெனிகளில் எது நல்லது? விற்பவர் இன்று இரவுக்குள் பதில் கேட்கிறார்.

பிட்லேன்: எந்தக் கார்? அளவு அசலில் 43இல் ஒரு பங்கா (1:43), 18இல் ஒரு பங்கா (1:18)? பட்ஜெட்?

ரெசின்_ராஜா: எதுவானாலும் ஸ்பார்க். ரெசின் (பிளாஸ்டிக் போன்ற பிசின்) வார்ப்பில் விளிம்பெல்லாம் கூர்மையாக வரும்.

துத்தநாகம்: கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டாமா? பழைய மினிசாம்ப்ஸ் உலோக வார்ப்பு, துத்தநாகக் கலவை. ரெசின் கீழே விழுந்தால் போச்சு.

ரெசின்_ராஜா: உங்கள் துத்தநாகத்தில் ஈயம் கலந்திருந்தால், விழாமலேயே விரிசல் விட்டு உதிரும். அதையும் சொல்லுங்கள்.

துத்தநாகம்: அது பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பொம்மைகளின் கதை ஐயா.

கண்ணாடிப்பேழை: இதே கேள்விக்கு எத்தனை முறைதான் எழுதுவது? தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. தம்பி, நாம் வாங்குவது காரை, கம்பெனியை அல்ல. எல்லாக் காரையும் எல்லாரும் செய்வதில்லை. முதலில் எந்தக் கார் என்று சொல்லுங்கள்.

மஞ்சள்19: மன்னிக்கவும், ஆபீஸில் இருந்தேன். ஜோர்டான் அணியின் இஜே15, நரேன் கார்த்திகேயன் ஓட்டியது, 2005. சின்ன சைஸ்தான்.

பிட்லேன்: மஞ்சள் வண்டி, எண் 19 என்று உங்கள் பெயரிலேயே சொல்லிவிட்டீர்கள், எங்களுக்குத்தான் உறைக்கவில்லை! 'சின்ன சைஸ்' 11 செ.மீ. வாக்கில் இருந்தால் 1:43. அந்தக் காரை நான் மினிசாம்ப்ஸில்தான் பார்த்திருக்கிறேன். பணம் கொடுக்குமுன் முன் இறக்கை, பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதலில் உடைவது அவைதான்.

துத்தநாகம்: ஆஹா, நம்ம கோயம்புத்தூர்க்காரர் வண்டி! அந்த வருஷம் அமெரிக்காவில் இண்டியானபொலிஸ் பந்தயத்தில் நான்காம் இடம், 5 புள்ளி!

ரெசின்_ராஜா: ஓடியதே ஆறு கார். மிஷெலின் டயர் போட்ட 14 காரும் ஃபார்மேஷன் சுற்று (பந்தயத்துக்கு முந்தைய சுற்று) முடிந்ததும் பிட்டுக்குள், அதாவது அணிகளின் கொட்டகைப் பக்கம், போய்விட்டன.

துத்தநாகம்: அதற்கு அவர் என்ன செய்வார்? அவரும் பிட்டுக்குள் போயிருக்க வேண்டுமா?

ரெசின்_ராஜா: மினார்டி அணியின் கார் இரண்டை முந்தியதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றுதான் கேட்கிறேன்.

கண்ணாடிப்பேழை: இழை தடம் மாறுகிறது. தவிர, அதே ஜோர்டான் அணியின் இன்னொரு ஓட்டுநர் மொன்டெய்ரோ அன்று மூன்றாவதாக வந்தார்.

பிட்லேன்: மஞ்சள்19, எங்கே வைக்கப் போகிறீர்கள்? வெயில் படும் அலமாரி வேண்டாம். ஸ்டிக்கரின் வெள்ளை பழுத்துவிடும். மஞ்சள் வண்டியில் உடனே தெரியவும் தெரியாது.

(ஐந்து நாள் கழித்து)

மஞ்சள்19: வந்துவிட்டது. மினிசாம்ப்ஸ், 1:43. கூரியரில் பட்ட அடியில் வலது கண்ணாடி கழன்று பெட்டிக்குள் உருள்கிறது, கடுகு அளவுதான். சூப்பர் க்ளூ போடலாமா?

பிட்லேன்: வேண்டாம்! அதன் ஆவி பட்டால் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையை ஊசி முனையில் தொட்டு வையுங்கள். காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது.

ரெசின்_ராஜா: ஸ்பார்க்காக இருந்திருந்தால்...

துத்தநாகம்: ரெண்டு கண்ணாடியும் போயிருக்கும்.

மஞ்சள்19: பதில் வர நேரமானதால் சூப்பர் க்ளூவே போட்டுவிட்டேன். வெள்ளையை எடுக்க வழி உண்டா?

பிட்லேன்: எங்கே பூத்திருக்கிறது? பெயிண்டிலா, கண்ணாடியிலா?