டி3 வெட்டிய எலிகளில் டிஸ்ரிஃப்ளெக்ஸியா: அதே பலூன், வேளைக்கொரு அளவு

நரம்புத்தறி:
வணக்கம். டிஸ்ரிஃப்ளெக்ஸியாவை அளக்கிறேன், அதாவது தண்டுவடக் காயத்துக்குக் கீழே தூண்டினால் இரத்த அழுத்தம் திடீரென ஏறுவதை. விஸ்டார் எலி, டி3-இல் (மூன்றாவது மார்புத் தண்டுவட மட்டம்) தண்டுவடம் முழு வெட்டு, டெலிமெட்ரி (உடலுக்குள் பதித்து அழுத்தத்தை அனுப்பும் கருவி), இப்போது 4-ஆவது வாரம். மலக்குடலில் பலூன் வைத்து 2 மிலி காற்று, 60 வினாடி. சில எலிகளில் சிஸ்டாலிக் (மேல் அளவு இரத்த அழுத்தம்) 40 மிமீ ஏறுகிறது, சிலவற்றில் 10-ஐத் தாண்டவில்லை. ஒரே எலி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டுகிறது. வெட்டு முழுமையாக விழவில்லையா? அடுத்த தொகுதிக்கு டெலிமெட்ரி வாங்கப் பணமில்லை. டெயில் கஃப் (வாலில் பட்டை சுற்றி அழுத்தம் அளப்பது) போதுமா?

எலிக்கூடு:
எலிக்கு எலி மாறினால் வெட்டைச் சந்தேகிக்கலாம். வேளைக்கு வேளை மாறினால் மூத்திரப்பையைப் பாருங்கள். தானாக மூத்திரம் போகத் தொடங்கியதும் கையால் பிழிவதை நிறுத்தியிருப்பீர்கள். ஆனால் பை சுருங்கும்போதே சுருக்குத்தசையும் இறுகுவதால் உள்ளே மிச்சம் தங்கிவிடும். பை நிறைந்திருந்தால் பலூன் ஊதுமுன்பே டிஸ்ரிஃப்ளெக்ஸியா தொடங்கியிருக்கும். அடிப்படை அழுத்தமே மேலே போய்விட்டதால் ஏற்றம் சின்ன எண்ணாகத்தான் வரும்.

பலூனுக்கு அரை மணி நேரம் முன் பிழிந்துவிடுங்கள். பிழிவதும் ஒரு தூண்டல்தான், உடனே ஊதாதீர்கள். மலக்குடலில் புழுக்கை இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பலூன் பின்னால் வழுக்கி வந்துவிடும். 2 செமீ உள்ளே விட்டு, குழாயை வாலோடு டேப் போட்டு ஒட்டி, 10-15 நிமிடம் அடங்க விடுங்கள். 10 வினாடியில் மெதுவாக ஊதுங்கள். இரண்டு ஊதலுக்கு நடுவே குறைந்தது 10 நிமிடம்.

ஒன்று கேட்க வேண்டும்: வழவழப்புக்கு என்ன ஜெல்? வார்டில் கதீட்டருக்கு வைத்திருக்கும் 2% லிக்னோகெயின் (மரத்துப்போகச் செய்யும் மருந்து) ஜெல்லியை எடுத்தால் நீங்களே தூண்டலை மரத்துப்போகச் செய்கிறீர்கள்.

நரம்புத்தறி:
அதே லிக்னோகெயின் ஜெல்லிதான். தலையில் அடித்துக்கொள்கிறேன்.

சிம்பதெடிக்:
டெயில் கஃப் வேண்டவே வேண்டாம். டிஸ்ரிஃப்ளெக்ஸியாவில் காயத்துக்குக் கீழே இரத்தக்குழாய்கள் இறுகும், வாலும் அதில் சேர்ந்ததுதான். நீங்கள் அளக்க நினைக்கும் நொடியில் சிக்னல் போய்விடும். பணமில்லை என்றால் எலிகளைக் குறையுங்கள், கருவியை அல்ல. கடைசி அளவீடு மட்டும் போதுமென்றால் கரோட்டிட் கானுலா (கழுத்துத் தமனியில் செருகும் குழாய்) வைக்கலாம், ஆனால் எலி விழித்திருக்க வேண்டும். மயக்க மருந்தான ஐசோஃப்ளூரேன், அழுத்தத்துக்கு ஏற்பத் துடிப்பை மாற்றும் பேரோரிஃப்ளெக்ஸை மழுக்கும்.

இதயத்துடிப்பையும் சேர்த்துப் பாருங்கள். அழுத்தம் ஏற, வேகஸ் நரம்பு வழியாகத் துடிப்பு குறைந்தால் அது டிஸ்ரிஃப்ளெக்ஸியா. இரண்டும் சேர்ந்து ஏறினால் எலி துள்ளியிருக்கும் அல்லது மிரண்டிருக்கும்; அந்த ஊதலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெட்டைப் பற்றிய சந்தேகத்தை முடிவில் ஹிஸ்டாலஜி (திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பது) தீர்த்துவிடும்.

தினமும் ஊதிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். திரும்பத் திரும்பத் தூண்டுவது இரத்தக்குழாய்களின் இயக்கத்தையே கெடுக்கும். கட்டுப்பாட்டுக் குழுவே பாழாகும்.

நரம்புத்தறி:
நன்றி. இதே ஆய்வில் மனிதப் பகுதியும் உண்டு, டி6-க்கு மேல் காயப்பட்டவர்களுக்கு யூரோடைனமிக்ஸ் (மூத்திரப்பையை நிரப்பி அதன் அழுத்தத்தைப் பார்க்கும் சோதனை). அறையில் என்ன தயாராக இருக்க வேண்டும்?

மூத்திரவியல்:
முதலில் அவரவர் ஓய்வு நேரச் சிஸ்டாலிக் அழுத்தத்தை எழுதிவையுங்கள். கழுத்துப்பகுதிக் காயத்தில் அது 90-110-ஆகவே இருக்கும். அதைவிட 20 ஏறினால் டிஸ்ரிஃப்ளெக்ஸியா; 130-ஐப் பார்த்து 'நார்மல்' என்று விடுபவர்கள்தான் அதிகம். நிரப்பும்போது நிமிடத்துக்கொரு தடவை அளந்தால் நல்லது. ஏறினால் நிரப்பலை நிறுத்துங்கள், பையைக் காலி செய்யுங்கள், நிமிர்த்தி உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடுங்கள், இறுக்கமான பெல்ட், கால்பை வார் எல்லாம் தளர்த்துங்கள். பெரும்பாலும் அதோடு இறங்கிவிடும். 150-க்கு மேல் நின்றால்தான் மருந்து. நைட்ரோ களிம்பு (தோலில் பூசும் நைட்ரேட் மருந்து) கையில் இருப்பது வசதி, அழுத்தம் சரிந்தால் துடைத்துவிடலாம். ஆனால் முந்தைய 24 மணி நேரத்தில் சில்டெனாஃபில் எடுத்தாரா என்று படுக்கவைக்கும் முன்பே கேளுங்கள். எடுத்திருந்தால் நைட்ரேட் கூடாது, அன்றைக்குச் சோதனையைத் தள்ளிப்போடுங்கள்.