அப்புச்சியோட தீட்டுக்கல்லு ரெண்டு, அடையாளம் சொல்லுங்க

வணக்கமுங்க. பெருந்துறையில சலூன் வச்சிருந்த எங்க அப்புச்சியோட தகரப்பெட்டியில ரெண்டு தீட்டுக்கல்லு கிடைச்சுது. சவரக்கத்தி தீட்டுறவங்க, பழைய கல்லு சேர்க்கறவங்க பார்த்துச் சொல்லோணும்.

ஒண்ணு 6 அங்குல நீளம். மேல வெளிர் மஞ்சள், அடியில கருநீலம். பெல்ஜியத்து ஆர்டென் மலைப்பக்கம் வெட்டியெடுத்த கோட்டிக்யூல்ங்கற தீட்டுக்கல்லா இருக்கும்னு தோணுது. அந்தக் கல்லுல பொடிப்பொடியா இருக்கற கார்னெட்ங்கற கெட்டியான கனிம மணிதான் எஃகைத் தேய்க்குது. தண்ணி விட்டு உரசினா பால் மாதிரிக் குழம்பு வருது. ரெண்டு நிறமும் சேர்ற இடத்துல நகத்தை ஓட்டிப் பார்த்தேன், பசை தட்டுப்படலை. இயற்கையாவே ஒட்டி வந்ததா, மனுசன் ஒட்டினதான்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?

இன்னொண்ணு கறுப்பு, எண்ணெய் ஊறிக் கிடக்குது. ஜெர்மனியோட துரிங்கியன் கல்லா, வேற ஸ்லேட்டா? ஒரே சோலிங்கன் (ஜெர்மனியில கத்தி செய்யற ஊரு) சவரக்கத்தியை ரெண்டுலயும் மாத்தி மாத்தித் தீட்டி, தோல்வார்ல 50 தடவை இழுத்துச் சவரம் பண்ணினேன். மஞ்சக்கல்லு தீட்டினது வழவழன்னு போச்சு, கறுப்புல தாடை எரிஞ்சுது. எண்ணெய் அடைச்சதாலயா?

எண்ணெய் எடுக்க வழி சொல்லுங்க. அடுப்புல காட்ட மனசு வரலை, நடுவுல அப்புச்சி தேய்ச்ச குழி இருக்குது. கோயமுத்தூர், ஈரோடு பக்கம் நிஜமான கோட்டிக்யூல் வச்சிருக்கறவங்க சொன்னா, பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பார்க்க ஞாயித்துக்கிழமை கல்லோடயே வந்தர்றேனுங்க.