ஸ்கார்ம் பாடம் விட்ட இடத்தில் திறக்கவில்லை, அவசரம்

காந்தள்: ஸ்கார்ம் (இணையப் பாடங்களைப் பொதியாக்கும் தரம்) முறையில் செய்த, 30 திரை உள்ள தமிழ்ப் பாடம். சொற்களை இழுத்துப் பொருத்தும் பயிற்சிகள் நிறைய. பாதியில் மூடித் திறந்தால் முதல் திரைக்கே போகிறது. நாளை மறுநாள் ஒப்படைக்க வேண்டும். உதவுங்கள்.

கடலோடி: ஸ்கார்ம் 1.2 பதிப்பா, 2004-ஆ? எந்த எல்எம்எஸ் (பாடத்தை ஏற்றி நடத்தும் தளம்)? எப்போது சேமிக்கிறீர்கள்?

தறி: குரோம்தான் காரணம். 80-ஆம் பதிப்பிலிருந்து, பக்கத்தை மூடும் நேரத்தில் சிங்க்ரனஸ் கோரிக்கை (பதில் வரும்வரை காத்திருக்கும் கோரிக்கை) போகாது. திரைக்குத் திரை கமிட் செய்யுங்கள், அதாவது எல்எம்எஸ்ஸில் சேமியுங்கள்.

காந்தள்: 1.2. வாடிக்கையாளரின் சொந்த எல்எம்எஸ். திரைக்குத் திரை கமிட் செய்கிறேன். ஐந்தாறு திரைக்குள் மூடினால் சரியாகத் திறக்கிறது.

மூத்தகுடி: விதிநூலைத் திறந்து பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. 1.2-இல் சஸ்பெண்ட் டேட்டா, அதாவது பாதியில் விட்ட நிலையைச் சேமிக்கும் புலம், 4096 எழுத்துதான். அடிப்படையைப் படித்துவிட்டு வேலையை ஒப்புக்கொள்ளுங்கள்.

தறி: 30 திரைக்கு 4096 போதாதா என்ன?

நீலவானம்: ஸ்கார்முக்குப் பிந்திய தரமான எக்ஸ்ஏபிஐ 1.0 வந்தது 2013-இல். அதற்கு மாறினால் இந்தத் தொல்லையே இல்லை.

மூத்தகுடி: அதற்குத் தனியாக எல்ஆர்எஸ் (கற்றல் பதிவுகளைச் சேமிக்கும் சர்வர்) வேண்டும். வாடிக்கையாளர் 1.2 பொதியைத்தான் ஏற்றுவார் என்றால் என்ன செய்வீர்கள்?

நீலவானம்: 2004 நான்காம் பதிப்பாவது கேட்கலாமே. 64,000 எழுத்து. நிறைவும் தேர்ச்சியும் தனித்தனி. 1.2-இல் இரண்டையும் ஒரே நிலைக்குள் திணிக்க வேண்டியிருக்கிறது.

மூத்தகுடி: மூடில் என்ற எல்எம்எஸ்ஸே 2004-ஐ முழுதாக ஆதரிப்பதில்லை. எங்கும் ஓட வேண்டுமானால் 1.2தான்.

கடலோடி: அந்தச் சண்டை அப்புறம். காந்தள், அதில் என்னதான் சேமிக்கிறீர்கள்?

காந்தள்: திரை எண், பொருத்திய சொற்கள். ஜேசன் (தரவை உரையாக எழுதும் வடிவம்) ஆக்கி, என்கோட்யூஆர்ஐகாம்பொனென்ட் (எழுத்துகளை இணைய முகவரிக்கு ஏற்ற குறிகளாக்கும் கட்டளை) போட்டு அனுப்புகிறேன்.

கடலோடி: அங்கேதான் சிக்கல். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு யூடிஎஃப்-8இல் 3 பைட். என்கோட் செய்தால் ஒவ்வொரு பைட்டும் %E0 போல 3 எழுத்தாகும், ஆக 9 எழுத்து. 'தமிழ்' என்பதில் 5 குறியீடுகள் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி), ஆக 45 எழுத்து. அப்படி 91 சொல் சேர்ந்தாலே இடம் தீர்ந்துவிடும். மிச்சத்தை எல்எம்எஸ் வெட்டியிருக்கும்; வெட்டுப்பட்ட ஜேசனைப் பார்ஸ் செய்ய (படித்துப் பிரிக்க) முடியாமல் பாடம் முதல் திரைக்குப் போகிறது என்று நினைக்கிறேன். மூடித் திறந்ததும் திரும்பி வரும் தரவின் நீளத்தைப் பாருங்கள். சொற்களை விட்டுவிட்டு விடை எண்களை மட்டும் வையுங்கள். திரை எண்ணை லெசன் லொகேஷன் என்ற தனிப் புலத்தில் போடுங்கள், 255 எழுத்து இடம் இருக்கிறது.

தறி: என்கோட் எதற்கு என்று நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

காந்தள்: நீளம் சரியாக 4096. எண்களாக மாற்றிவிட்டேன், திறக்கிறது. நன்றி கடலோடி.