இணையத்து நூல்களைப் பள்ளிக்குள் கொண்டுவந்த கதை: நெல்லைப் பக்கத்து ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

நூலகப் பொறுப்பாசிரியை, பாளையங்கோட்டை:

வணக்கம். எங்கள் பள்ளியில் நூலகர் என்று தனிப் பணியிடம் இல்லை. தமிழ் நடத்தும் நானே நூலகத்தையும் பார்த்துக்கொள்கிறேன். உங்களில் பலருக்கும் இதே நிலைதான். இந்த ஆண்டு புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்கள், தமிழ் நூல்கள் இணையத்தில் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முகவரி சொல்வது சுலபம். அங்கே கிடைத்ததை நம் பிள்ளைகளின் கையில் எப்படிச் சேர்த்தோம் என்று சொல்லத்தான் ஆள் குறைவு. அதனால் வெறும் லிங்க் போடாமல், வகுப்பில் நடந்ததை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் புதுமைப்பித்தனைப் பற்றிப் பேச்சு வந்தது. நம் ஊர்ப் பேச்சை அப்படியே கதைக்குள் கொண்டுவந்தவர் என்று சொன்னேன். பின்வரிசைப் பையன் ஒருவன், “அந்தக் கதை நம்ம லைப்ரரில இருக்கா டீச்சர்?” என்றான். இருந்த ஒரு பிரதியும் நைந்து போயிருந்தது. அன்று மாலை மதுரைத் திட்டத்தின் தளத்தில் தேடினேன். 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய முயற்சி அது. பழைய இலக்கியங்களையும் கதைகளையும் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இலவசமாகக் கொடுக்கிறார்கள். அங்கே நூல் வெறும் பக்கப் படமாக இல்லாமல் எழுத்தாகவே கிடைக்கும். ஒரு கதையை எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளுக்கு நடுவே நன்றாக இடம் விட்டு அச்செடுத்தேன். பாட்டி பேசும் இடம் வந்தபோது அந்தப் பையனையே வாசிக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டு, “எங்க ஆச்சி பேசுற மாதிரியே இருக்கு டீச்சர்” என்றான். அதற்கு மறுவாரம் நூலகப் பாடவேளையில் அடுத்த கதை எங்கே என்று அவனே வந்து கேட்டான்.

இப்படி அச்செடுத்துக் கொடுப்பது சரிதானா என்று உடன் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டார். நம் நாட்டில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. புதுமைப்பித்தன் காலமானது 1948இல். அது போக, 2002இல் அவர் எழுத்துகளை அரசு நாட்டுடைமையாக்கியிருக்கிறது. அரசு ஒருவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கினால் குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்துவிடும், பிறகு யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அப்படிப்பட்ட நூல்கள் ஏராளம். விக்கிப்பீடியாவின் சகோதரத் தளமான விக்கிமூலத்திலும் அவற்றை ஏற்றியிருக்கிறார்கள்.

ஆனால் வாட்ஸ்ஆப் குழுக்களில் வருகிறதே, இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்களின் நூல்கள், அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை பிடிஎஃப்பாக? அதைத் தயவுசெய்து பள்ளிக் கணினியில் ஏற்றாதீர்கள். எழுதியவர் வயிற்றில் அடிக்கும் காரியம் அது. பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்ளவும் கூடாது.

தொடக்கப்பள்ளி ஆசிரியை, முக்கூடல் பக்கம்:

டீச்சர் சொன்னதைப் படித்ததும் எழுத ஆசை வந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கு அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் வந்தன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. மெல்லிசான புத்தகங்கள், பிள்ளைகளுக்கு உயிர். ஆனால் வேகமாக வாசிக்கிறவர்கள் சீக்கிரமே முடித்துவிட்டு, “வேற இல்லையா டீச்சர்” என்று வந்து நின்றார்கள்.

அப்போது கைகொடுத்தது ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய தளம். தமிழில் படக்கதைகள் நிறைய இருக்கின்றன, வாசிப்புத் திறனை வைத்து நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுவதால் பதிவிறக்கலாம், அச்சிடலாம், நாமே மொழிபெயர்த்தும் போடலாம். சில கதைகளின் தமிழ் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அதனால் ஒவ்வொன்றையும் நான் வாசித்துப் பார்த்துத்தான் எடுப்பேன். ஒரு கதை பிள்ளைகளுக்குப் பிடிக்குமா என்பது முதல் இரண்டு பக்கத்தைச் சத்தமாக வாசித்தாலே தெரிந்துவிடும்.

அச்செடுக்கும்போது பிரிண்ட் அமைப்பில் ‘புக்லெட்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏ4 தாளில் இரண்டு பக்கமும் அடித்து, நடுவே மடித்து, முதுகில் ஸ்டேப்ளர் போட்டால் புத்தகம் தயார். பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் வெற்றுப் பக்கம் வரும். அந்த வெற்றுப் பக்கத்தில் பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிடுவேன்.

எங்கள் ஊரில் முக்கால்வாசி வீட்டில் அம்மாமார் பீடி சுற்றுகிறவர்கள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கண்ணும் கையும் அதிலேயே இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். அதனால் வீட்டுப்பாடமே, அம்மாவுக்கு ஒரு கதை வாசித்துக் காட்ட வேண்டும் என்பதுதான். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா ஒருவர் என்னைத் தெருவில் நிறுத்தி, “அந்த யானைக் கதய அவ பாதியிலயே தூங்கிட்டா டீச்சர், மிச்சம் என்ன ஆச்சு?” என்று கேட்டார். அங்கேயே நின்று முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

கொரோனா விடுமுறையில் கூகுளின் ரீட் அலாங் செயலியையும் பயன்படுத்தினேன். பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும். கதைகளை ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடியது, அதுதான் பெரிய உதவி. ஆனால் பக்கத்தில் வேறு சத்தம் இருந்தால் குழம்பிவிடும். அண்ணனும் தங்கையும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து வாசித்தால் வேலைக்கு ஆகாது.

பட்டதாரி ஆசிரியர், சேரன்மகாதேவி:

டீச்சர், கலர் பிரிண்ட் செலவு யார் கொடுக்கிறார்கள்? எங்கள் பள்ளியில் டோனர் வாங்கவே யோசிக்கிறார்கள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை, முக்கூடல் பக்கம்:

அட்டை மட்டும் கலர் சார், உள்ளே கறுப்பு வெள்ளை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசிப்புக்கு என்று தீர்மானம் போட்டோம், பள்ளி மானியத்தில் கொஞ்சம் ஒதுக்கினார்கள். கூட்டத்துக்கு முன்னால் ஒரு பிள்ளையைக் கதை வாசிக்க வைத்தேன். அதற்கு அப்புறம் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

தலைமையாசிரியர், ஸ்ரீவைகுண்டம் பக்கம்:

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளம் எங்கள் பள்ளிக்குள்ளும் வந்தது. தண்ணீர் வடிந்து உள்ளே போனபோது அலமாரியின் கீழ் இரண்டு தட்டுகளும் சேற்றில் இருந்தன. சாதாரணத் தாளில் அச்சான புத்தகங்களைப் பக்கத்துக்கு நடுவே செய்தித்தாள் செருகி, நிழலில் மின்விசிறிக் காற்றில் காயவைத்து ஓரளவு மீட்டோம். வெயிலில் போட்டால் தாள் முறுக்கிக்கொள்ளும். வழவழப்பான தாளில் வந்த படப்புத்தகங்களைத்தான் காப்பாற்ற முடியவில்லை. ஈரமாக இருக்கும்போதே பக்கம் பக்கமாகப் பிரிக்காவிட்டால் காய்ந்ததும் செங்கல் மாதிரி இறுகிவிடும். நாங்கள் உள்ளே போவதற்குள் அவை காய ஆரம்பித்திருந்தன. சின்னப் பிள்ளைகளுக்குப் பிடித்தது முழுக்க அதில்தான் இருந்தது.

நன்கொடைப் புத்தகங்கள் வர நாளாயிற்று. அதுவரை முக்கூடல் டீச்சர் சொன்ன அதே வழிதான். வெளியூர் நண்பர் ஒருவர் ஸ்டோரிவீவர் கதைகளை அச்செடுத்துப் பார்சலில் அனுப்பினார். பொங்கல் முடிந்து வகுப்பில் அவற்றைப் பரப்பி வைத்தோம். வெள்ளத்தைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்றிருந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை, மழைக் கதை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, தன் வீட்டில் தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் கைவைத்துக் காட்டினாள். புத்தக வரிசை எண், பெயர், விலை என்று இருக்கும் இருப்புப் பதிவேடும் அன்று நனைந்துவிட்டது. இப்போது அதைக் கணினியில் சாதாரண அட்டவணைக் கோப்பாக வைத்து, மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போட்டு வைத்திருக்கிறோம். கோஹா போன்ற நூலக மென்பொருள் இலவசம்தான், ஆனால் சில நூறு புத்தகங்கள் உள்ள பள்ளிக்கு அட்டவணையே போதும்.

சமூக அறிவியல் ஆசிரியர், ராதாபுரம் பக்கம்:

நான் கதைப் பக்கம் போகாமல் வேறொன்றைச் சொல்கிறேன். ஆர்க்கைவ் டாட் ஆர்க் என்கிற தளத்தில் நம் மாவட்டத்தைப் பற்றிய பழைய நூல்கள் அப்படியே ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடக்கின்றன. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் எழுதி 1881இல் வந்த திருநெல்வேலி வரலாறும், எச். ஆர். பேட் தொகுத்து 1917இல் வந்த மாவட்டக் கெசட்டியரும் (மாவட்ட விவரங்களைத் தொகுத்த அரசு நூல்) அங்கே கிடைக்கும். இரண்டும் ஆங்கிலம். முழுவதையும் பிள்ளைகளிடம் கொடுக்க முடியாது. தாலுகா வாரியாக உள்ள பகுதியில் எங்கள் ஊரைச் சுற்றியுள்ள ஊர்கள் வரும் பக்கங்களை மட்டும் எடுத்து, எளிய தமிழில் நானே எழுதிக் கொடுத்தேன்.

பழைய வரைபடத்தில் மாவட்டம் எவ்வளவு பெரியது என்று பார்த்ததும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆச்சரியம். தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் பிரிந்ததை அப்போதுதான் அவர்கள் மனதில் பதியவைக்க முடிந்தது. பிறகு அவர்களையே வீட்டுக்கு அனுப்பி, ஊரின் கிணறு, குளம், சந்தை பற்றித் தாத்தா ஆச்சியிடம் கேட்டு எழுதிவரச் சொன்னேன். செம்மணல் மேடான தேரிக் காட்டில் முன்பு என்ன பயிர் இருந்தது என்று ஒரு பெண் எழுதிவந்தது கெசட்டியரிலேயே இல்லாத விஷயம். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த நூல்களில் சாதிகளைப் பற்றி எழுதியிருக்கும் விதம் பிள்ளைகளைக் காயப்படுத்தும். அந்தப் பக்கங்களை ஆசிரியர் முதலில் வாசிக்காமல் வகுப்புக்கு எடுத்துப்போகக் கூடாது.

சிறப்பாசிரியர், பாளையங்கோட்டை:

பார்வையற்ற பிள்ளைகளோடு வேலை செய்கிறவன் நான். மேலே எல்லோரும் சொன்ன தளங்களில் எங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படுவது எது என்பது ஒரே விஷயத்தைப் பொறுத்தது: நூல் எழுத்தாக இருக்கிறதா, படமாக இருக்கிறதா. ஸ்கேன் செய்த பிடிஎஃப்பைத் திறந்தால் திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் வாயே திறக்காது. மதுரைத் திட்டம், விக்கிமூலம், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் ஆகியவற்றில் எழுத்து எல்லாக் கணினியும் புரிந்துகொள்ளும் யூனிகோடு முறையில் கிடைப்பதால் என்விடிஏ என்கிற திரைவாசிப்பான் வாசித்துவிடும். அந்த மென்பொருளும் இலவசம். அதன் தமிழ்க் குரல் கரடுமுரடாக இருக்கும், ஆனால் பழகிவிடுகிறார்கள். வேகத்தைக் கூட்டி வைத்து அவர்கள் கேட்பதை என்னால் பின்தொடரவே முடியாது.

எனக்கு மனவருத்தம் எதில் என்றால், ஆசிரியர்களே தயாரித்து அனுப்பும் வினாத்தாள்களும் குறிப்புகளும் இன்னும் பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் வருவதுதான். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், திரைவாசிப்பானுக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கிவிட்டுத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடிகிறது. நீங்கள் யூனிகோடில், தமிழ்99 விசைப்பலகையிலோ போனில் பேசியோ தட்டச்சு செய்து அனுப்பினால், பார்வையற்ற பிள்ளை அதே நிமிடத்தில் வாசிப்பான். உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயாவில் உறுப்பினராக்கிவிடுங்கள். அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காகவே உள்ள இணைய நூலகம் அது.

அறிவியல் ஆசிரியை, பாபநாசம் மலையடிவாரம்:

எங்கள் பக்கம் சிக்னல் வரும், போகும். மழைக்காலத்தில் போனால் போனதுதான். நெட் இருந்தால்தான் வேலை செய்யும் எதையும் நம்பிப் பாடத்திட்டம் போட முடியாது. பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியின் பாடக் காணொளிகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் வகுப்பு நேரத்தில் சுற்றிக்கொண்டே நின்றால் பிள்ளைகள் கவனம் போய்விடும்.

எனக்குக் கைகொடுப்பவை இரண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் உள்ள அறிவியல் சோதனைகளில் பலவற்றுக்குத் தமிழ்ப் பதிப்பு உண்டு. அவற்றை ஊருக்குள் நல்ல சிக்னல் இருக்கும் இடத்தில் இறக்கி, பென்டிரைவில் எடுத்துப்போய், நெட் இல்லாமலே பிரவுசரில் திறக்கலாம். மின்சுற்றை அதில் கட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் நிஜமான பேட்டரியும் பல்பும் வைத்துச் செய்கிறோம். இரண்டாவது, நெட் இல்லாமலே விக்கிப்பீடியா வாசிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருள். தமிழ் விக்கிப்பீடியாவையே ஒரு கோப்பாக இறக்கி ஆய்வகக் கணினிகளில் போட்டுவிடலாம். எங்கள் பிள்ளைகளில் காணிப் பழங்குடியினர் குடியிருப்பிலிருந்து வருகிறவர்களும் உண்டு. அவர்கள் முதலில் தேடியது அகத்தியமலை, பிறகு கரடி. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் பற்றிய கட்டுரையை வாசித்துவிட்டு ஒரு பையன், “இதுல எங்க ஊர்ப் பேரு இல்ல, நாம எழுதிப் போடலாமா டீச்சர்?” என்றான். எழுதலாம் என்று சொல்லியிருக்கிறேன். விக்கிப்பீடியாவில் எழுதப் பழக்கிவிட நம்மில் யாராவது ஒரு சனிக்கிழமை வர முடியுமா?

சமூக அறிவியல் ஆசிரியர், ராதாபுரம் பக்கம்:

நான் வருகிறேன் டீச்சர். பஸ் நேரம் மட்டும் சொல்லுங்கள்.

நூலகப் பொறுப்பாசிரியை, பாளையங்கோட்டை:

இவ்வளவு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சிறப்பாசிரியர் சார் சொன்னதைப் படித்ததும் என் பழைய குறிப்புகளை எல்லாம் யூனிகோடுக்கு மாற்ற ஆரம்பித்துவிட்டேன்.

ஓர் ஏற்பாடு செய்யலாம் என்று தோன்றுகிறது. வருகிற மாதம் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் கூடுவதற்கு இடம் கேட்டிருக்கிறேன். வருகிறவர்கள் தாங்கள் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்த கதைகள், சோதனைகள், கிவிக்ஸ் கோப்பு எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள், அங்கேயே ஒருவருக்கொருவர் காப்பி செய்துகொள்ளலாம். கோப்பின் பெயரைத் தமிழில் வையுங்கள், எந்த வகுப்புக்கு என்றும் சேர்த்து எழுதுங்கள். உரிமம் தெளிவாக இல்லாதது எதுவும் வேண்டாம். பென்டிரைவை வைரஸ் ஸ்கேன் செய்துவிட்டுக் கொண்டுவாருங்கள், மலையடிவாரத்து டீச்சரின் ஆய்வகக் கணினிகளுக்குப் போகப்போவது அதுதான்.